மூன்றாம் வகுப்பில் பத்து வாரம்: பெற்றோர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அந்த வாரம் வகுப்பில் என்ன நடந்தது என்று நாலு வரி எழுதிப் பிள்ளைகளின் நோட்டில் ஒட்டி அனுப்புவேன். அதைப் படித்துவிட்டுப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வாசலில் நின்றபடி அவசரமாகப் பதில் சொல்லும்போது பாதிதான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பத்து வாரத்தில் மொத்தம் என்னென்ன படித்தார்கள்?

முதல் வாரம் போன வருடப் பாடத்தைத் தூசி தட்டினோம். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ஆயிரத்தைத் தாண்டும் எண்கள், தமிழில் ண, ன, ந. நான்காம் வாரம் விதை முளைத்ததைப் பார்த்தோம், கூடவே கழித்தல். ஐந்தில் தொடங்கிய பெருக்கல் ஆறாம் வாரமும் ஓடியது. ஏழாம் வாரம் நீளம் அளந்தோம். எட்டாம் வாரம் பின்னம், ஒன்பதாம் வாரம் கடிகாரம். ஐந்தாம் வாரத்திலிருந்து ஒன்பது வரை பிள்ளைகள் வீட்டிலிருந்தே நிலாவைப் பார்த்து வரைந்தார்கள். பத்தாம் வாரம் ஒவ்வொருவரும் தான் கற்றதில் ஒன்றை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் வாசிப்பு எல்லா வாரமும் தினமும் இருபது நிமிடம்.

"இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லையா?

நடந்தது. ஆனால் ஐந்து மணி நேரத்தை ஒரே வாக்கியத்தில் சுருக்கிச் சொல்லும் வேலை எட்டு வயதுக்குக் கஷ்டம். "என்ன படிச்ச?" என்பது அவளுக்கு அவ்வளவு பெரிய கேள்வி. சின்னதாகக் கேளுங்கள். "அலமாரிக்குள்ள வெச்ச விதை என்ன ஆச்சு?" "மேசை எத்தனை சாண் வந்துச்சு?" என்று கேட்டால் வாய் ஓயாது. வெள்ளிக்கிழமைக் குறிப்பை நான் எழுதுவதே அதற்காகத்தான். அதில் இருப்பதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சொல்லச் சொல்லாமல் செய்து காட்டச் சொல்லுங்கள். காகிதத்தை நான்காக மடித்துக் காட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கால் என்றால் என்னவென்று வாயால் விளக்கத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு மடிப்பு போதும்.

முதல் வாரம் முழுக்கப் போன வருடப் பாடமா? நேரம் வீணாகாதா?

விடுமுறைக்கு முன்னால் சரளமாக வந்ததெல்லாம் விடுமுறை முடிந்ததும் தடுமாறும். இது பிள்ளையின் சோம்பல் இல்லை, மனித மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். படித்த சூட்டோடு வேகமாக மறக்கிறோம், அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். மறந்ததைத் திரும்பப் படிக்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆனது என்பதும் அவர் அளந்ததுதான். என் வகுப்பிலும் இதையே பார்த்தேன். திங்கட்கிழமை கூட்டலில் விழித்தவர்களில் பெரும்பாலானோர் வியாழக்கிழமைக்குள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார்கள்.

நூற்று ஐந்தை என் மகன் 1005 என்று எழுதுகிறான். ஒன்று, இரண்டு கூடத் தெரியாமல் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். இந்தத் தவறுக்குள் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5. காதில் விழுந்த வரிசையில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் 1005. அவன் கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கிறான்.

தமிழில் பழைய முறை கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். நூற்று ஐந்தை ௱௫ என்று எழுதினார்கள். இருநூற்று முப்பத்தைந்து ௨௱௩௰௫. சொல்வதுபோலவே எழுத்து. இன்றைய முறையில் நூறுக்குக் குறி கிடையாது, அது நிற்கும் இடம்தான் உண்டு. எதுவும் இல்லாத இடத்தையும் பூஜ்யம் போட்டுக் காத்துவைக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பெரிய தாவலைத்தான் தாண்டிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் இதற்கு அட்டைகள் வைத்திருக்கிறோம். 100 என்று எழுதிய நீள அட்டை, அதில் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் 5 என்று எழுதிய சின்ன அட்டை. ஐந்தை நூறின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் வைத்தால் 105 தெரியும், தூக்கினால் அடியில் பூஜ்யம் இருக்கும். மாண்டிசோரி வகுப்புகளில் நெடுங்காலமாகப் புழங்கும் உத்தி இது. அந்தப் பூஜ்யம் எங்கேயும் போகவில்லை, ஐந்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்த அன்றே பாதிப் பேர் 1005 எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் பழைய நாட்காட்டி அட்டையை வெட்டி நீங்களே செய்துகொள்ளலாம்.

கூடவே இன்னொரு சிக்கல், இது தமிழ் எண் பெயர்களால் வருவது. எண்பது வரை பத்துகளின் பெயர்கள் ஒழுங்காகப் போகின்றன: அறுபது, எழுபது, எண்பது. அடுத்தது தொண்ணூறு. பெயரில் நூறு கேட்கிறது, மதிப்போ 90தான். அதேபோல் தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, மதிப்பு 900. காதை நம்பி எழுதும் பிள்ளை இங்கே வழுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தொண்ணூற்று எட்டு என்று சொல்லி எழுதச் சொன்னேன். ஏழு பேர் 908 எழுதினார்கள். அந்த ஏழு பேரையும் ஒன்பது குச்சிக்கட்டு எடுத்துப் பத்துப் பத்தாக எண்ண வைத்தேன்.

ண, ன, ந மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். இதற்கு விதி இருக்கிறதா, மனப்பாடம்தானா?

பாதிக்கு அருமையான விதி இருக்கிறது. பள்ளியில் இந்த எழுத்துகளை 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பழைய பெயர்கள் இன்னும் பயனுள்ளவை: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். விதி பெயருக்குள்ளேயே இருக்கிறது. ட வருமுன் ண், ற வருமுன் ன், த வருமுன் ந். வண்டி, நண்டு, கண்டான் எல்லாம் ஒரு வீடு. கன்று, நின்றான், என்றாள் இன்னொரு வீடு. பந்து, சந்தை, வந்தான் மூன்றாவது வீடு. இந்த வரிசை நினைவில் இருந்தால் 'வன்டி', 'கண்று' என்று எழுதவே கை வராது.

ஏன் இப்படி என்று ஒரு பையன் கேட்டான். நாக்கைக் கவனிக்கச் சொன்னேன். ட சொல்ல நாக்கு மேலே மடிகிறது, ண சொல்லவும் அதே இடம். த சொல்லப் பல்லைத் தொடுகிறது, ந சொல்லவும் அங்கேயேதான். அடுத்த எழுத்துக்கு நாக்கு முன்கூட்டியே போய் நிற்கிறது, அவ்வளவுதான். அன்று வகுப்பு முழுவதும் வாயைத் திறந்து பக்கத்தில் இருப்பவருக்கு நாக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. இதே காரணத்தால்தான் ங்க, ஞ்ச, ம்ப என்ற ஜோடிகளும்: தங்கம், பஞ்சு, பம்பரம். இவற்றை இன எழுத்துகள் என்பார்கள்.

சொல்லின் முதலில் ந மட்டுமே வரும், ண, ன வராது. இதுவும் சுலபம்.

மிச்சப் பாதிதான் கஷ்டம். மனம், மணம், பனி, பணி, ஆனி, ஆணி. இங்கே பக்கத்து எழுத்து உதவிக்கு வராது. பொருளோடு சேர்த்துப் பார்த்துப் பழக வேண்டும். அதற்குத்தான் தினமும் வாசிப்பு. சொல்லைத் தனியாகப் பத்து முறை எழுத வைப்பதைவிட, 'பூவின் மணம் என் மனத்துக்குப் பிடித்தது' போன்ற ஒரு வாக்கியத்தை அவளே உருவாக்குவது அதிகம் நிற்கிறது.

ல, ள, ழவும் ர, றவும்?

ல, ள, ழ விஷயத்தில் உச்சரிப்பு உதவும். தலை, தளை, தழை மூன்றையும் வித்தியாசம் காட்டிச் சொல்லும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது. ர, ற அப்படி இல்லை. கரை, கறை இரண்டையும் பேச்சில் நம்மில் பெரும்பாலோர் ஒன்றுபோலவே சொல்கிறோம். அரை, அறையும் அப்படியே. 'நல்லாக் கேட்டு எழுது' என்று இங்கே அதட்டிப் பயனில்லை, கேட்பதற்கு அங்கே வேறுபாடே இல்லை. கண்ணால்தான் பழக வேண்டும்.

இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். 247 எழுத்தும் தெரியும் என்கிறானே?

247 என்பது 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் சேர்ந்த கணக்கு. உண்மையில் பிள்ளை கற்பது அத்தனை தனி உருவங்களை இல்லை, முப்பது சொச்சம் எழுத்துகளும் சில துணைக்குறிகளும்தான். தடுமாற்றம் எங்கே என்று அவன் அருகில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கெ, கே, கை, கொ, கோ, கௌ வரும் இடங்களில் நிற்பான். இவற்றில் ஒலி பின்னால் வருகிறது, குறியோ முன்னால் நிற்கிறது. கொ, கோவில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கண் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. கௌ இன்னும் மோசம், அதைக் 'கெள' என்று படித்தால் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே எல்லாவற்றையும் திரும்ப ஒப்பிக்க வைக்காதீர்கள். இந்த ஆறு வரிசைகளை மட்டும் சின்னச் சின்னச் சொற்களில் பழக்குங்கள்: செடி, தேர், மை, கொடி, கோடு. அப்புறம், ஏற்கெனவே படித்த கதையையே மறுபடி படிக்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் எழுத்தை விட்டுவிட்டுக் கதையைப் பார்க்கிறான்.

கழித்தலில் 52லிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருக்கிறான். கவனக்குறைவா?

கவனமாகத்தான் செய்திருக்கிறான், தவறான விதியை வைத்துக்கொண்டு. 2லிருந்து 7 போகாது, சரி, 7லிருந்து 2ஐக் கழிப்போம் என்று திருப்பிவிட்டான். 'எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி' என்று ஒரு காலத்தில் நாம் சொன்னதை இலக்கத்துக்கு இலக்கம் பொருத்துகிறான்.

'கடன் வாங்குதல்' என்ற சொல்லை நான் இப்போது குறைத்துக்கொண்டேன். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, எப்போது கொடுப்போம் என்று ஒரு சிறுமி கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. இப்போது 'கட்டைப் பிரிப்போம்' என்கிறேன். ஐந்து கட்டு, இரண்டு தனிக்குச்சி. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு தனி. குச்சி அதேதான், எண்ணிக்கை மாறவில்லை. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, நாலில் இரண்டு போனால் இரண்டு. விடை 25.

402 − 178 போன்றவற்றில் நடுவில் கட்டே இருக்காது. முதலில் நூறு குச்சி உள்ள பெரிய கட்டைப் பிரித்துப் பத்துச் சின்னக் கட்டாக்க வேண்டும், அதில் ஒன்றை மறுபடி பிரிக்க வேண்டும். இதைக் கையால் செய்யாமல் தாளில் மட்டும் கற்ற பிள்ளை, 0ஐ அடித்து 9 எழுதுவதை மந்திரம்போல் செய்யும். ஒரு பையன் இதையெல்லாம் விட்டுவிட்டு 178லிருந்து 180க்கு 2, 200க்கு 20, 402க்கு 202, ஆக 224 என்று சொன்னான். வீட்டில் அப்பா போட்ட வழி வேறு என்று தயங்கினான். அவன் வழி முழுக்கச் சரி, முழு மதிப்பெண்.

இருட்டு அலமாரியில் வைத்த விதை நன்றாக வளர்ந்தது என்று சொல்கிறாள். தப்பாகப் புரிந்துகொண்டாளா?

அவள் பார்த்ததைச் சொல்கிறாள். நான்காம் வாரம் நான்கு டம்ளரில் பயறு போட்டோம். முதலாவது ஈரப் பஞ்சு, சன்னலோரம். இரண்டாவது ஈரப் பஞ்சு, அலமாரிக்குள். மூன்றாவது காய்ந்த பஞ்சு. நான்காவதில் விதைகள் முழுக்கத் தண்ணீருக்கு அடியில். எது முளைக்கும் என்று முன்கூட்டியே கையைத் தூக்கச் சொன்னேன். சன்னலோரம் மட்டும்தான் என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள். வெயில் இல்லாமல் செடி எப்படி வரும்?

மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தபோது எழுந்த கூச்சலைப் பக்கத்து வகுப்பே வந்து எட்டிப்பார்த்தது. இருட்டில் இருந்ததும் முளைத்திருந்தது. ஒரு வாரத்தில் அது சன்னலோரச் செடியைவிட உயரம்! ஆனால் நூல்போல மெலிந்து, வெளிறிய மஞ்சளாக இருந்தது. காய்ந்த பஞ்சில் எதுவும் நடக்கவில்லை. தண்ணீருக்கடியில் இருந்தவற்றில் ஒன்றிரண்டு லேசாக முனை நீட்டி நின்றுவிட்டன, அப்புறம் தண்ணீர் நாறத் தொடங்கியது.

முளைக்க ஈரமும் காற்றும் மிதமான சூடும் போதும். பயற்றுக்கு வெளிச்சம் தேவையில்லை, மண்ணுக்கடியில் புதைந்த விதைக்கு ஏது வெளிச்சம்? விதைக்குள் சேமித்த உணவை வைத்தே முளை எழுகிறது. இருட்டில் அது அந்தச் சேமிப்பையெல்லாம் உயரமாவதில் செலவழிக்கிறது, எப்படியாவது வெளிச்சத்தை எட்டிவிட வேண்டும் என்று. வெளிச்சம் படாமல் பச்சையம் உண்டாகாததால் மஞ்சள். அந்த டம்ளரைச் சன்னலுக்கு மாற்றினோம், இரண்டு நாளில் பச்சை ஏறியது.

'உயரமா இருந்தா ஆரோக்கியமா?' என்று ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி ஒரு வாரம் அழிக்காமல் விட்டிருந்தேன். பிள்ளைகள் நன்றாகச் சண்டை போட்டார்கள். உங்கள் மகள் வீட்டில் சொல்வது அந்தச் சண்டையின் மிச்சம். அவளிடம் இலையின் நிறத்தைக் கேளுங்கள்.

வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும். ஆனால் புரிந்த பிறகு. ஐந்தாம் வாரம் முழுவதும் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கினோம். மூன்று வரிசையில் நான்கு, பலகையை அப்படியே திருப்பினால் நான்கு வரிசையில் மூன்று. கொட்டையைத் தொடவேயில்லை, எண்ணிக்கை 12தான். இதைப் பார்த்த பிள்ளைக்கு வாய்ப்பாட்டின் பாதிச் சுமை குறைந்துவிடுகிறது. பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கல்கள் உண்டு. திருப்பிப் போட்டால் ஒன்றே என்று தெரிந்தால் மிஞ்சுவது 55. அதிலும் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து சுலபம். அவற்றையும் எடுத்துவிட்டால் உண்மையாக உழைக்க வேண்டியது 21 மட்டுமே. அந்த 21ஐயும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மலையாகத் தெரிந்தது ஒரு பக்கத்தில் அடங்கியதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்தது.

6 × 7, 7 × 8, 6 × 8 மூன்றும் எல்லோரையும் படுத்தும். தினமும் இரண்டு நிமிடம் போதும், உட்கார வைத்து அரைமணி நேரம் வேண்டாம்.

மேசையைச் சாணால் அளந்தார்களாமே? அளவுகோல் இல்லையா?

இருக்கிறது. அது எதற்காக வந்தது என்று தெரியட்டும் என்றுதான் முதலில் ஒளித்துவைத்தேன். ஒரே மேசை ஒருவருக்கு ஒன்பது சாண், இன்னொருவருக்குப் பதினொன்று, எனக்கு ஏழு. யார் சொல்வது சரி என்று கேட்டேன். எல்லோரும் சரி, கைதான் வேறு என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். அப்புறம்தான் மீட்டர் கதை. பிரான்சில் 1790களில், யாருடைய உடம்பையும் சாராத அளவு வேண்டும் என்று பூமியையே எடுத்துக்கொண்டு, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்றார்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பென்சிலை 3இல் தொடங்கி 8இல் முடிகிற மாதிரி அளவுகோலின் மேல் வையுங்கள். 8 என்று சொன்னால் முடிவை மட்டும் பார்க்கிறாள். 6 என்றால் கோடுகளை எண்ணுகிறாள். 5 என்றால் இடைவெளியை எண்ணுகிறாள், அதுதான் அளத்தல். என் வகுப்பில் இன்னும் பத்துப் பேர் 6 என்கிறார்கள். அவர்களோடு அடுத்த வாரமும் இதைத் தொடர்கிறேன்.

பின்னமும் கடிகாரமும் சீக்கிரம் முடிந்துவிட்டதே?

முடியவில்லை, தொடங்கியிருக்கிறோம். 'எனக்குப் பெரிய பாதி' என்று பிள்ளைகள் அடிக்கடி சொல்வார்கள். பாதியில் பெரியது சிறியது கிடையாது என்பதே எட்டாம் வாரத்தின் முதல் பாடம். அடுத்த குழப்பம், நான்கு இரண்டைவிடப் பெரியதாயிற்றே, கால் எப்படி அரையைவிடச் சிறியது? காகிதத்தை மடித்துக்கொண்டே போனோம். அரை, கால், அப்புறம் அரைக்கால், அதற்கும் அப்புறம் மாகாணி. எட்டில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்றுக்கும் தமிழில் தனிப்பெயர் இருப்பது பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அரைக்கால் என்ற பெயரே காலில் பாதி என்று சொல்லிவிடுகிறது.

கடிகாரத்தில் மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால் என்று நாம் சொல்வதால் பின்னம் அங்கே நேராக வந்து உட்கார்ந்தது. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றரைக்குச் சின்ன முள்ளை 3இன் மேலேயே வரைகிறார்கள். பெரிய முள்ளைக் கையால் மறைத்துச் சின்ன முள்ளை மட்டும் காட்டி, மணி சுமார் எத்தனை என்று வீட்டில் கேட்டுப் பழக்குங்கள்.

நிலா நோட்டு எதற்கு? மேகமாக இருந்தால் என்ன செய்வது?

மேகம் என்று எழுதினால் போதும். ஒரு சிறுமி மூன்று நாள் தொடர்ந்து 'மேகம், தெரியவில்லை' என்று எழுதிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். மற்றவர்களின் அழகான படங்களுக்கு நடுவில் அந்த நோட்டைத்தான் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். பார்க்காததை வரையாமல் இருப்பது அறிவியலில் முதல் பாடம்.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததுக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் மாலையில் எளிதாகத் தெரிந்தது. பௌர்ணமிக்குப் பிறகு 'நிலா காணோம்' என்று புகார்கள் வந்தன. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறது. தேய்பிறையில் அதை மாலையில் தேடினால் கிடைக்காது, காலையில் பள்ளிக்கு வரும் வழியில் மேற்கே பார்க்க வேண்டும். பகலில் நிலாவைக் கண்டுபிடித்த பையன் வகுப்புக்குள் ஓடிவந்து சொன்னபோது நாங்கள் எல்லோரும் பாடத்தை விட்டுவிட்டு வெளியே போய்ப் பார்த்தோம்.

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பெரியவர்கள் பலரும் நம்புகிறார்கள், வீட்டிலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும். மற்ற நாட்களில் நிலாவின் ஒரு பாதி எப்போதும் சூரிய வெளிச்சத்தில்தான் இருக்கிறது. நாம் இருக்கும் இடத்திலிருந்து அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு தெரிகிறது என்பதே தினமும் மாறுகிறது. இருட்டறையில் ஒரு பல்பு, கையில் வெள்ளைப் பந்து. பந்தைத் தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினால் பிறையும் பாதியும் முழுநிலவும் பந்தின் மேலேயே தெரியும். நீங்களும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

நோட்டில் சில தவறுகளைத் திருத்தாமல் விட்டிருக்கிறீர்களே?

சிவப்பு மையால் சுழித்தால் பிள்ளை விடையை அழித்துச் சரியானதை எழுதும், ஏன் தவறு என்று பார்க்காது. அதனால் 'இதை எப்படிச் செய்தாய்?' என்று ஓரத்தில் எழுதி விடுகிறேன். மறுநாள் அவர்கள் சொல்லும்போது பாதித் தவறுகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரியாகிவிடுகின்றன. வீட்டில் நீங்கள் அழித்துத் திருத்தி அனுப்பினால் எனக்கு அந்தப் பிள்ளையின் யோசனை தெரியாமல் போய்விடும். தயவுசெய்து தவறோடே அனுப்புங்கள்.

காய்ச்சலில் ஒரு வாரம் வரவில்லை. என்ன விட்டுப்போனது, எப்படி ஈடுகட்டுவது?

அந்த வாரத்து வெள்ளிக்கிழமைக் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டு முழுவதையும் பார்த்து எழுத வைக்க வேண்டாம், அதில் கை வலிதான் மிஞ்சும். கணக்கில் ஒரு வாரம் விட்டால் அடுத்தது தடுமாறும், ஆகவே அதை மட்டும் காலையில் பத்து நிமிடம் முன்னால் அனுப்புங்கள், நான் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். மற்றவை திரும்பத் திரும்ப வரும்.

பத்தாம் வாரம் ஏன் தேர்வு வைக்காமல் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்த அனுப்பினீர்கள்?

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தாளில் தெரிவதைவிட, இன்னொரு பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது நன்றாகத் தெரிகிறது. முதல் மாதம் 1005 எழுதியவன்தான் அட்டைகளை எடுத்துக்கொண்டு போனான். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நூற்று ஏழை 1007 என்று எழுதினாள். அவன் அழிக்கச் சொல்லவில்லை. நூறு அட்டையை அவள் முன்னால் வைத்து, ஏழை அவள் கையில் கொடுத்து, "எங்க வைப்ப?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.